ஒரே தண்ணியில போன சிவப்பு

மழை வரும்போல இருக்கிறது. எல்லோரும் இந்த லாரிக்கு அடியில் வந்து படுங்கள். இன்றைக்கு இது கிளம்பாது, டிரைவர் சாவியைத் தொலைத்துவிட்டு அலைகிறார். பூட்டுக்கடைத் தெருவில் நின்றுகொண்டு சாவியைத் தேடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். நல்லது, நமக்கு ஒதுங்க இடம் ஆயிற்று. ஒரு விஷயம் சொல்கிறேன், கேளுங்கள் கூட்டாளிகளே.

மதியம் பிரியாணிக்கடைப் பின்கட்டில் பரோட்டா மாஸ்டர் செல்போனில் படம் பார்த்து அழுதுகொண்டிருந்தாரே, கவனித்தீர்களா? நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அந்தப் படத்தில் கதை சொல்வதே ஒரு வீட்டு நாய். நல்ல கனமான ஆம்பளைக் குரல் வேறு கொடுத்திருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை, பிள்ளைக்குச் சுகமில்லை, எல்லாவற்றையும் அந்த நாய் பார்த்துப் பார்த்துச் சொல்கிறது. கடைசியில் குடும்பம் ஒன்றுசேர்ந்து நாயைக் கட்டிப்பிடித்து அழுகிறது. மாஸ்டரும் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். படம் முடிந்ததும் எழுந்துபோய் நம் நொண்டிக் கூட்டாளி மேல் ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றினார்.

அதைக் குறை சொல்லவில்லை. சட்டி கழுவுகிற இடத்தில் மூக்கை நீட்டினால் வெந்நீர்தான். எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அந்த நாய்க்குப் பேச வருகிறது. அது நினைப்பதெல்லாம் பார்க்கிறவர்களுக்குக் கேட்கிறது. அப்படி ஒரு குரல் எனக்கு ஒரே ஒரு மத்தியானம், நாலு வார்த்தைக்கு மட்டும் கிடைத்திருந்தால், ஒரு மனிதர் இன்று உயிரோடு இருந்திருப்பார். அந்த நாலு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக இந்தத் தெருவில் அலைகிறேன்.

நீங்கள் எல்லாம் தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்தவர்கள். கருத்தடை பண்ணிக் காதில் வெட்டுப் போட நம்மைப் பிடித்துப்போனபோது ஒரே கூண்டு வண்டியில்தான் போனோம். அதனால் என்னையும் உங்களில் ஒருவன் என்று நினைத்துவிட்டீர்கள். நான் வீட்டில் வளர்ந்தவன். சில மாதம்தான், ஒரே ஒரு கோடைதான். சின்னாளபட்டியில். சிரிக்காதீர்கள், சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

பிறந்தது இதே திண்டுக்கல்லில், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால். கூடப் பிறந்தவை நான்கு, எது எங்கே போயிற்றோ தெரியாது. கண் திறந்து கொஞ்ச நாளில் ஒரு கை வந்து என்னைத் தூக்கியது. அந்தக் கையில் உப்பு, பீடி, இன்னும் என்னவோ ஒரு கார வாடை. அதுதான் சித்தப்பா. சேலை கொண்டுவந்து கடையில் இறக்கிவிட்டு வெறுமனே இருந்த பைக்குள் என்னைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் முனகினேன். என்னய்யா சத்தம் என்று கண்டக்டர் கேட்டதற்கு, காலையிலிருந்து சாப்பிடவில்லை, வயிறு கத்துகிறது என்றாராம். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் ஏன் அவரைச் சித்தப்பா என்கிறேன் என்றால், அந்த வீட்டுப் பாப்பா அப்படித்தான் கூப்பிட்டாள். மூன்றாம் வகுப்பு முடித்திருந்த பிள்ளை. அவள் யாரை எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே நானும் மனதுக்குள் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவளுடைய அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவள், நான். அம்புட்டுதான் வீடு. சித்தப்பாவுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் அவருடைய பிரியம் எல்லாம் பாப்பாவுக்கும் எனக்கும் வந்து சேர்ந்தது. என்னை ‘அப்பு’ என்று கூப்பிடுவார்.

சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுகிற குடும்பம். முன்னால் வீடு, பின்னால் பட்டறை, அதற்கும் பின்னால் சேலை காயப்போடுகிற பொட்டல். பொட்டலில் நின்றால் சிறுமலை தெரியும். வெள்ளைச் சேலை முழுக்கப் பெண்கள் நூலால் சின்னச் சின்ன முடிச்சாகப் போட்டு அனுப்புவார்கள். சித்தப்பா அதைச் சாயத் தொட்டியில் முக்கி, கம்பால் புரட்டிப் புரட்டி எடுப்பார். காய்ந்த பிறகு அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும். முடிச்சு இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். தெறித்த நூலைக் கவ்வ நான் துள்ளுவேன். அந்தப் படபடச் சத்தத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் கேட்கவில்லை.

அப்பாவுக்குத் தன் சாயத்தின் மேல் அவ்வளவு பெருமை. வியாபாரி யாராவது வந்தால் போதும், சேலை முந்தியைத் தண்ணீரில் நனைத்து, தான் கட்டியிருக்கிற வெள்ளை வேட்டியில் வைத்து அழுத்தித் தேய்த்துக் காட்டுவார். வேட்டியில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. “துணி கிழியும், எங்க சாயம் போகாது” என்பார். ஒரு நாளைக்கு நாலு தடவை இதைக் கேட்பேன். வேட்டியை விட்டு வேறு எதிலாவது தேய்த்துக் காட்டச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அந்த வீட்டில் ஓயாத பேச்சு. நமக்குத்தான் சிவப்பு என்று ஒன்று கிடையாதே. அழுக்கு மங்கலாக ஏதோ தெரியும், அதோடு சரி. அவர்களுக்கு எல்லாமே கண்தான். முகத்துக்கு நடுவில் மூக்கு என்று ஒன்று சும்மா இருக்கிறது, மல்லிகைப்பூவுக்கும் கறிக்குழம்புக்கும் தவிர அதை அவர்கள் எடுப்பதே இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் பீடி குடிப்பார். அது அண்ணனுக்குத் தெரியக்கூடாது. முப்பத்து நாலு வயது ஆள், கையில் பீடி இருக்கும்போது அண்ணன் செருமுகிற சத்தம் கேட்டால் போதும், உள்ளங்கையில் வைத்தே நசுக்கிவிடுவார். அந்த ஊரில் அண்ணன் முன்னால் குடிப்பது மரியாதை இல்லை. அதனால் மத்தியானம் சாப்பாடு ஆனதும் பொட்டலைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் புகுந்து, காய்ந்துபோன ஓடைக்குப் போவார். அங்கே ஒரு பழைய தடுப்பணை. அந்தச் சுவர் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு பீடி. மனசு சரியில்லை என்றால் இரண்டு. கூட நான். வீட்டில் யாருக்கும் அந்த இடம் தெரியாது. மரியாதையைக் காப்பாற்ற அவ்வளவு ரகசியமாக வைத்திருந்தார்.

எனக்குக் கழுத்துப் பட்டை போட வேண்டும் என்று பாப்பா நச்சரித்தாள். கைலி மேல் கட்டுகிற தன் அகலமான தோல் பெல்ட்டை சித்தப்பா இரண்டாக அறுத்து, ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, என் கழுத்தில் மாட்டிவிட்டார். அதில் அவருடைய வியர்வை வாடை ஊறிக் கிடந்தது. படுத்துத் தலையைச் சாய்த்தால் அவர் மடியில் படுத்த மாதிரிதான். அன்றிலிருந்து அவர் கைலியை முடிச்சு நூலைத் திரித்துக் கட்டிக்கொண்டு திரிந்தார், அம்மா கேலி பண்ணிக்கொண்டே இருந்தாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் அணிலைத் துரத்திக்கொண்டு போய்ச் சிவப்புச் சாயத் தொட்டிக்குள் விழுந்தேன். நல்லவேளை, ஆறிப்போன சாயம். ஏறி வெளியே குதித்தவன் பயத்தில் பொட்டலுக்கு ஓடினேன். அங்கே ஒரு கல்யாண வீட்டுக்கு, வந்தவர்களுக்கு வைத்துக்கொடுக்க என்று சொல்லியிருந்த மஞ்சள் சேலைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அத்தனை மேலும் ஓடி, போதாதற்கு ஒன்றின் மேல் புரண்டும் துடைத்துக்கொண்டேன். அப்பா சாயக் கம்பை எடுத்து அடித்த அடி இன்றும் மழைக்காலத்தில் இடுப்பில் வலிக்கிறது. அவரையும் சொல்லிக் குற்றமில்லை.

நான் வெள்ளை நாய். இப்போது கேட்டால் நம்பமாட்டீர்கள், அப்போது பால் வெள்ளை. பாப்பா என்னைத் துவைகல்லடியில் நிறுத்தி மூன்று நாள் சோப்புப் போட்டாள், சீயக்காய் போட்டாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள். சிவப்பு அசையவில்லை. தெருப்பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துக் கூவினார்கள். ஒன்றரை மாதம் ஆயிற்று, முடி உதிர்ந்து புது முடி வந்து நான் பழையபடி வெளுக்க. அதுவரைக்கும் அப்பா என்னைப் பார்க்கிறபோதெல்லாம் பல்லைக் கடிப்பார். ஒரு தடவை மட்டும் ஒரு வியாபாரியிடம் என்னைக் காட்டி, நாய் மேல் ஏறின சாயமே போகவில்லை பாருங்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

கெட்டுப்போன சேலைகளை சித்தப்பாதான் மூன்று நாள் தூங்காமல் மறுபடி சாயம் போட்டுக் கொடுத்தார். ஆனால் அண்ணன் தம்பிக்குள் புகைந்தது அணையவில்லை. வைகாசி பாதி தாண்டின சமயம், பாப்பாவுக்கு முழுப்பரீட்சை லீவு, வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒரு நாள் காலையில் காய்ந்துகொண்டிருந்த சேலை ஒன்றில் என்னுடைய மண் கால் தடம் நாலு விழுந்துவிட்டது. அப்பா பார்த்துவிட்டார். இன்றைக்கே இதைக் கொண்டுபோய்த் திண்டுக்கல்லில் விட்டுவிட்டு வா என்றார். மாட்டேன் என்றார் சித்தப்பா. அங்கே ஆரம்பித்ததுதான். பேச்சு நாயை விட்டு எங்கெங்கோ போயிற்று. யார் முதுகு ஒடிய வேலை பார்க்கிறது, யார் உட்கார்ந்து பேர் வாங்குகிறது, தம்பிக்கு ஒரு பெண் பார்க்க அண்ணன் எத்தனை தடவை செருப்பைப் போட்டான், எல்லாம் வந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அப்பா சொன்னார்: “நாயையும் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய்த் தொல. நீ செத்தாலும் ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

 சித்தப்பா தன் செல்போனை எடுத்து அலமாரியில் வைத்தார். அம்மாவைப் பார்த்து, “வத்தலக்குண்டு மாமா வீட்டுக்குப் போறேன் மதினி. யாரும் தேட வேணாம்” என்றார். அம்மா கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள், உதறிவிட்டார். போகிறபோது குனிந்து என் தலையைத் தடவி, “இருடா அப்பு, வாரேன்” என்றார். முன் வாசலால் போகவில்லை, பின்பக்கமாகப் போனார். பஸ்ஸுக்கு அது வழி இல்லை. அது எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இரு என்று சொன்னாரே என்று நான் கொஞ்ச நேரம் இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. பிறகு வாடை பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பொட்டல், கருவேலங்காடு, ஓடை. தடுப்பணைச் சுவர் மேல் பீடி வாடை இருந்தது, ஆள் இல்லை. சுவரின் விளிம்பு பெயர்ந்து கீழே கிடந்தது. கீழே பாறைக்கு நடுவில் சித்தப்பா கிடந்தார். ஒரு கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தலையிலும் தொடையிலும் காயம். உங்களுக்கு அந்த வாடையைச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஓடாத அந்த ஓடை முழுக்க அந்த வாடைதான்.

இறங்கிப்போய் முகத்தை நக்கினேன். கண்ணைத் திறந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, கத்திவிட்டார். யாராவது வருவார்களா என்று கூப்பிட்டுப் பார்த்தார், அந்த வெயிலில் ஆடு மேய்ப்பவன்கூட அங்கே வரமாட்டான். பிறகு இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். என் மூஞ்சி, கழுத்து, நெஞ்சு எல்லாம் அவருடைய ரத்தம். என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்.

“அப்பு... அண்ணன்ட்ட போ. அண்ணனக் கூட்டிட்டு வா.”

காலையில்தான் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று கேட்டுவிட்டுப் போன மனிதர். மாமாவைக் கூப்பிடவில்லை, மதினியைக் கூப்பிடவில்லை. அண்ணனைத்தான் கூப்பிட்டார். நான் ஓடினேன். அப்படி நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

தம்பி இல்லாததால் அன்றைக்குத் தொட்டியில் அப்பாவே இறங்கிச் சாயம் புரட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போட்டதும் சிவப்பு. என்னைப் பார்த்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்: “பாவி நாயி, மறுபடியும் தொட்டியில விழுந்துருச்சு!” பொட்டலில் சேலை கிடக்கிறது, பிடி, பிடி என்று எல்லோரும் கத்தினார்கள். நான் யாரிடமும் நிற்கவில்லை. நேரே அப்பாவிடம் போனேன். வேட்டியைக் கவ்வி ஓடைப் பக்கம் இழுத்தேன். வேட்டியை இழுத்து விளையாடுவது என் பழைய கெட்ட பழக்கம், அதுவும் சேர்ந்து என்னைக் கெடுத்தது. ஒரு உதை விட்டார். மறுபடி போய்க் கவ்வினேன். குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சாயம். என் வாயிலும் கழுத்திலும் அவருடைய தம்பி.

“வேட்டியும் போச்சு” என்றார்.

என் மூக்குக்கு அந்த முற்றமே அலறிக்கொண்டிருந்தது. இவர்கள் மூன்று பேரும் ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும், வாயெல்லாம் சிவப்பாக ஒரு நாய் ஓடிவந்தால், ஐயோ ரத்தம் என்றுதான் முதலில் சொல்வார்கள். அந்த வீட்டில் சிவப்பு என்றால் சாயம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே பார்க்கிற கண்.

அம்மா என்னைப் பெல்ட்டைப் பிடித்துத் துவைகல்லுக்கு இழுத்துப் போனாள். பாப்பா சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். நான் திமிறினேன், அம்மா முழங்காலால் அமுக்கிக்கொண்டாள். மூஞ்சியைக் கழுவினாள், கழுத்தைக் கழுவினாள், பெல்ட்டையும் விடாமல் தேய்த்துக் கழுவினாள். எல்லாம் சாக்கடையில் இறங்கி, பட்டறையிலிருந்து வருகிற சாயத் தண்ணீரோடு கலந்து ஓடியது. நான் வெள்ளையாகிவிட்டேன்.

பாப்பா சொம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏம்மா, இந்தத் தடவ ஒரே தண்ணியில போயிருச்சு?” என்று கேட்டாள்.

“போனா நல்லதுதான். புடிச்சுக் கட்டு” என்றாள் அம்மா.

சங்கிலியில் கட்டினார்கள். நான் குரைத்தேன். தொண்டை கிழிகிற வரைக்கும் குரைத்தேன். பிறகு குரைப்பு தீர்ந்து ஊளையாக வந்தது. அந்த நேரத்தில் அம்மாவுக்கு மனசு கேட்காமல் சித்தப்பாவின் செல்போனுக்கு அடித்தாள், அது அலமாரியில் அடித்தது. மாமா வீட்டுக்காவது ஒரு வார்த்தை கேட்கலாம் என்றாள். அப்பா விடவில்லை. தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறான், நாலு நாள் அங்கே கிடந்து சோறு தின்றுவிட்டுத் தானாக வருவான், நாம் கூப்பிட்டால் இன்னும் ஏறிக்கொள்வான் என்றார். சொல்லிவிட்டு வாசலையே இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அதையும் நான் பார்த்தேன்.

பொழுது சாய்ந்தும் நான் ஊளையை நிறுத்தவில்லை. அவர்களுக்கு நாம் ஊளையிட்டால் ஆகாதே. எமன் நம் கண்ணுக்குத் தெரிவானாம், வீட்டில் சாவு விழுமாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏங்க, வீட்டில் ஆம்பளை வெளியூர் போயிருக்கிற நேரத்தில் இது இப்படிக் கத்துகிறதே, வாயைக் கட்டுங்கள் என்றாள். அப்பா ஒரு சேலைக் கிழிசலை எடுத்துவந்து என் மூஞ்சியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். தம்பிக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்றுதான் கட்டினார். அதை நினைத்தால்தான் எனக்கு அவர் மேல் முழுக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

விடிந்ததும் பாப்பாதான் வந்தாள். வாயைக் கட்டிப்போட்டிருந்ததால் ராத்திரி நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கட்டை அவிழ்த்து, சங்கிலியையும் கழற்றிவிட்டாள். ஓடினேன். அப்பு, அப்பு என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். அவளை வர விட்டிருக்கக்கூடாது. எட்டு வயதுப் பிள்ளை. ஆனால் அவளை நிறுத்த எனக்கு என்ன வாய் இருக்கிறது?

நான் விட்டுப்போன இடத்தில் சித்தப்பா இல்லை. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, வீடு இருக்கிற பக்கமாகத் தவழ்ந்து வந்திருந்தார். மணலில் அந்தத் தடம் இருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. பாப்பா கொஞ்ச நேரம் நின்றாள். அழவில்லை. சித்தப்பா என்று ஒரு தடவை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

போலீஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கொண்டுவந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும், யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக முற்றத்தில் நின்ற ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். அப்பாவுக்கும் அது கேட்டது. ஊரில் வேறு பேச்சும் வந்தது. அண்ணன் சொன்ன சொல் பொறுக்காமல் அவனாகத்தான் விழுந்தான் என்றார்கள். வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து காப்பியைக் குடித்துக்கொண்டு அப்படிப் பேசினார்கள். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அம்மா சேர்ந்துகிடந்த அழுக்குத் துணியைத் துவைகல்லில் கொண்டுவந்து போட்டாள். அதில் அன்றைக்குக் கட்டியிருந்த வேட்டியும் இருந்தது. நான் கவ்வின இடத்தில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கறை. அப்பா தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். வேட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சாயம் அப்படிக் கறுக்காது, அது அவருக்குத் தெரியாதா? கறையை வாளித் தண்ணீரில் நனைத்தார். உடுத்தியிருந்த வேட்டியில் வைத்து, வியாபாரிகளுக்குக் காட்டுவாரே, அதே மாதிரி அழுத்தித் தேய்த்தார். கையை எடுத்தார். உடுத்தியிருந்த வேட்டியில் கறை இறங்கியிருந்தது.

அம்மாவைக் கேட்டார்: “அன்னைக்கு நாயக் கழுவுனியே... சோப்புப் போட்டியா?”

 பாப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தவள், “நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, ஒரே தண்ணியில போயிருச்சுன்னு” என்றாள். அம்மா அப்படியே கல்லடியில் உட்கார்ந்து, அந்தச் சாக்கடையைக் கையால் தடவித் தடவி அழுதாள். நானே கழுவிவிட்டேனே, என் கையாலேயே கழுவிவிட்டேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, சோறும் நேரத்துக்கு வந்தது. அப்பா என் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போவார். ஒரு நாள் மத்தியானம், பாப்பா தூங்குகிற நேரம் பார்த்து, என்னை மொபெட்டில் முன்னால் ஏற்றினார். அவர் இரண்டு காலுக்கும் நடுவில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குச் சந்தோஷம். ஓடைக்குத்தான் போகிறோம், இப்போதாவது புரிந்துகொண்டாரே என்று நினைத்தேன்.

கொண்டுவந்து நிறுத்தியது இங்கே, இந்தப் பிரியாணிக்கடைப் பின்பக்கம். எலும்பு கிடைக்கும், பசியில் சாகமாட்டான் என்று நினைத்திருப்பார். இறக்கிவிட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கழுத்துப் பெல்ட்டைக் கழற்றினார். அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த மனிதர் மூக்கை எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பெல்ட்டைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

“ஏலே, நீ பக்கத்துலதான இருந்த. என்னையத் திட்டிக்கிட்டேவாடா செத்தான்?”

எத்தனையோ நாள் கழித்து அவர் குரல் என்னைப் பார்த்து வருகிறது. பிறவிக் குணம், என்ன செய்ய? வாலை ஆட்டினேன். இடுப்பே ஒடிந்துபோகிற மாதிரி ஆட்டினேன். எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் அதில் வந்துவிடும் என்று நினைத்தேன். அவர் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “சரி” என்றார். எழுந்து, மொபெட்டை மிதித்துக் கிளப்பி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்த வண்டிச் சத்தம் மாதிரி எது கேட்டாலும் நான் எழுந்து நிற்கிறேனே, நீங்கள் கேலி பண்ணுவீர்களே, அது இதற்குத்தான். அவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. இருந்தால், தம்பி தன்னைச் சபித்துவிட்டுச் செத்தான் என்ற நினைப்போடுதான் இருப்பார். சித்தப்பா கடைசியாகச் சொன்னது அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா என்றுதான். இந்த உலகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன். இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்களும் நாய்கள்தான்.